மேலே ஒரு கையெழுத்து

எங்கள் ஆபீசுக்குத் தினமும் எல்லாருக்கும் முன்னால் வருகிறவர் பெரிய கிராணிதான். வந்ததும் குடையை மூலையில் சாய்ப்பார், கண்ணாடியைத் துடைப்பார், பேனாவை எடுத்து மூடியைக் கழற்றுவார். பிறகு வருகைப் பதிவேட்டின் பக்கத்தில் நின்றுகொண்டே இருப்பார். வேறு யாராவது வந்து முதல் கையெழுத்தைப் போட வேண்டும். அதற்குக் கீழேதான் அவர் போடுவார். ஒரு முறை கொட்டிய மழையில் சிராங்கூன் ரோடு முழுக்கத் தண்ணீர் தேங்கி, நாங்கள் அத்தனை பேரும் தாமதம். முதலில் உள்ளே நுழைந்தவள் நான். நனைந்த சேலையோடு நான் கையெழுத்துப் போட்டதும் அவரும் போட்டார். அந்த மாதம் தாமதமாக வந்தவர்களின் பட்டியலில் அவர் பெயரும் ஏறியது. பட்டியலை டைப் அடித்தவளும் நான்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டு அடித்தேன் என்று சொன்னால் பொய். சிரித்துக்கொண்டேதான் அடித்தேன்.

ஐம்பதுகளின் கடைசி அது. வெள்ளைக்கார அதிகாரிகள் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். கால்நடை ஆபீசில் நான் டைப்பிஸ்ட். பெரிய கிராணி என்றால் தலைமைக் குமாஸ்தா. யாழ்ப்பாணத்துக்காரர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, நெற்றியில் திருநீறு. அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிடும் துணிச்சல் யாருக்கும் இருந்ததில்லை. கோபக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் யாரையும் திட்டியதில்லை, யாரிடமும் கை நீட்டி எதுவும் வாங்கியதில்லை, யாருக்கும் 'முடியாது' என்று சொன்னதும் இல்லை. அவர் வாயில் வருவது ஒன்றே ஒன்றுதான்.

"எனக்கொரு ஆட்சேபனையும் இல்லை. மேலை ஒரு கையெழுத்து இருக்கட்டும், கீழை நான் போடுறன்."

எங்கள் ஆபீஸ் டிரைவரின் தம்பிக்குப் பதிவுத் திருமணம் நடந்தது. பெரிய மனிதராயிற்றே என்று இவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். இரண்டாம் சாட்சியாகத்தான் போடுவேன் என்று உட்கார்ந்துவிட்டார். முதல் சாட்சியாக வர வேண்டிய மாமா தஞ்சோங் பகாரிலிருந்து பஸ் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தார். நல்ல நேரம் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் தெருவில் ஐஸ் கச்சாங், அதாவது சீவிய ஐஸில் பாகு ஊற்றி விற்றுக்கொண்டிருந்தவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து முதல் கையெழுத்தைப் போட வைத்தார்கள். அதற்குக் கீழே இவர் தன் அழகான சாய்வெழுத்தில் முழுப் பெயரையும் எழுதினார். ஐஸ் கச்சாங்காரருக்குக் கீழே இருப்பதில் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை.

வீட்டிலும் அப்படித்தானாம். மகளின் பள்ளிக்கூட ரிப்போர்ட்டில் அம்மா போட்ட பிறகுதான் அப்பா போடுவாராம். தகப்பன் கையெழுத்து என்று அச்சடித்த இடத்தில் அந்த அம்மாள் போட, பக்கத்தில் ஓரமாக இவர் போட, அந்தப் பெண்ணுக்கு வீட்டில் தகப்பன் உண்டா இல்லையா என்று வாத்தியாருக்கே சந்தேகம் வந்ததாகச் சொல்வார்கள்.

ஜப்பான்காரன் காலத்தில் ஏதோ ஒரு தாளில் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டு உதை வாங்கினார், அந்தப் பயம்தான் இது என்று பழைய ஆட்கள் அவருக்காகப் பரிந்து பேசுவார்கள். எனக்கு அந்தக் கதையில் மனம் இளகியதே இல்லை. அந்தக் காலத்தில் உதை வாங்காதவர் யார்? துறைமுகத்தில் மூட்டை தூக்கிய என் அப்பாவும்தான் வாங்கினார். அவர் அதற்குப் பிறகும் சங்கக் கூட்டத்தில் முதல் ஆளாகத்தான் கையைத் தூக்குவார்.

சரி, ஆபீஸ் விஷயத்துக்கு வருகிறேன். மாடோ பன்றியோ கோழியோ நோயில் விழுந்தால் இரத்தமோ ஈரலோ எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். ஆய்வுக்கூடம் தீவின் அந்தப் பக்கத்தில் இருந்தது. முன்பெல்லாம் பண்ணைக்காரர்கள் செத்த கோழியைச் சைக்கிளில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு நேராக அங்கேயே போய்விடுவார்கள். கூட்டம் தாங்காமல் ஆய்வுக்கூடம் திணறியது. அதனால் எங்கள் ஆபீஸ் அனுமதி இல்லாமல் ஒரு சொட்டு இரத்தம்கூட அங்கே போகக்கூடாது என்று உத்தரவு வந்தது. அனுமதித் தாளில் மூன்று இடம். மேலே இன்ஸ்பெக்டர் சிபாரிசு செய்ய வேண்டும். நடுவில் பெரிய கிராணி சரிபார்த்ததாகப் போட வேண்டும். கீழே வெள்ளைக்கார டாக்டர்.

இன்ஸ்பெக்டர் இருந்தவரை வண்டி ஓடியது. அவர் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போனார். அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. மேல் கட்டம் காலி. இனி அந்தத் தாளில் முதல் பேனா யாருடையது? பெரிய கிராணியுடையது. அத்தோடு எல்லாம் நின்றது. டாக்டரோ ஊருக்குப் போகும் கப்பலை நினைத்துக்கொண்டு நாளைத் தள்ளிக்கொண்டிருந்தார். பெரிய கிராணியின் கையெழுத்து இருந்தால் எதிலும் போடுவார், இல்லாவிட்டால் எதையும் படிக்கவே மாட்டார். எங்கள் ஐஸ் பெட்டிக்குள் புட்டிகள் சேர்ந்துகொண்டே போயின. அதைத் திறக்கிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு திறந்தார்கள். கோழிக்காரர்கள் ஒரு வாரம் வந்து கேட்டார்கள், பிறகு வருவதை நிறுத்திவிட்டார்கள். அவர்களுடைய கோழிகளும் அதற்குள் சாவதை நிறுத்தியிருந்தன, மிச்சம் இல்லாததால்.

அந்தச் சமயத்தில்தான் கோவிந்தண்ணன் வந்தார்.

கோவிந்தண்ணன் எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவர். போத்தோங் பாசிரில் ஆற்றோரம் கொட்டகை. சொந்தமாக நாலு மாடு. அதோடு கோயில் மாடு ஒன்று. யாரோ நேர்ந்துகொண்டு பக்கத்து அம்மன் கோயிலுக்குக் கொடுத்த மாடு அது. கோயிலில் கட்ட இடமில்லாமல் அண்ணனிடம் விட்டிருந்தார்கள். அதன் காலைப் பால் அபிஷேகத்துக்குப் போகும். அண்ணனும் அவர் பெண்டாட்டி அஞ்சலையக்காவும் அந்த மாடுகளை வைத்துத்தான் வயிறு கழுவினார்கள்.

ஒரு மாடு காய்ச்சலில் படுத்து, சிவப்பாக மூத்திரம் பெய்து, செத்தது. மனிதரையும் கொல்லும் அடைப்பான் நோயாக இருக்குமோ என்று எல்லாருக்கும் கிலி. டாக்டர் போய் இரத்தம் எடுத்து வந்தார். சோதனை முடிவு வரும்வரை அந்தக் கொட்டகைப் பாலை விற்கக்கூடாது என்று தடையும் போட்டார். தடைக்கு இன்ஸ்பெக்டர் கையெழுத்து வேண்டியதில்லை. அதனால் தடை மட்டும் அன்றைக்கே போய்ச் சேர்ந்தது.

கறக்காமல் விட்டால் மாட்டுக்கு மடி கட்டிக்கொள்ளும். அதனால் இருவரும் தினமும் கறந்தார்கள், கறந்ததைக் கால்வாயில் ஊற்றினார்கள். பால் வாங்கிய வீடுகள் டின் பாலுக்கு மாறின. இரண்டாவது மாடும் படுத்துவிட்டது என்று அண்ணன் ஓடி வந்த அன்று நான் எதிர் மேசையில்தான் இருந்தேன்.

"ஐயா, ரெத்தம் எடுத்தாந்து எம்புட்டு நாளாச்சுங்க. என்னா நோயின்னு தெரிஞ்சாத்தானே ஊசி போடுவாங்க?"

"ஓம், விளங்குது. எனக்கொரு ஆட்சேபனையும் இல்லை. மேலை கையெழுத்து இல்லையே."

"மேல யாருங்க போடணும்?"

"இன்ஸ்பெக்டர்."

"அவரு எங்கங்க?"

"ஊருக்குப் போயிட்டார்."

"எப்பங்க வருவாரு?"

"அவர் இனி வரமாட்டார். வேறை ஆள் வரவேணும்."

"அந்த வேற ஆளு எப்பங்க வருவாரு?"

"ஆளை இன்னும் போடேல்லை."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் டைப்ரைட்டரைப் பார்த்தேன். வேறு எதைப் பார்ப்பது? பெரிய கிராணி மிகுந்த அன்போடு அண்ணனுக்கு ஒரு நாற்காலியைக் காட்டினார். அன்புக்கு மேல் கையெழுத்து தேவையில்லையே.

இரண்டாவது மாடும் செத்தது. ஐஸ் பெட்டியில் இருந்த முதல் மாட்டின் இரத்தம் காப்பி நிறத்துக்கு வந்திருந்தது. பிறகு கோயில் மாடு படுத்தது. டாக்டர் அதற்கும் இரத்தம் எடுத்தார். அண்ணன் மறுபடி வந்து கையைக் கூப்பினார்.

"என் மாட்டைத்தான் விட்டீங்க. சாமி மாட்டையாச்சும் பாருங்கய்யா. கோயில்ல கேட்டா நான் என்னா சொல்வேன்?"

பெரிய கிராணி லைசென்ஸ் தாளை எடுத்தார். அதில் மாட்டின் உரிமையாளர் என்ற இடத்தில் அம்மன் பெயர்தான் இருந்தது. அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. தள்ளிப்போட வழி ஒன்று கிடைத்துவிட்டதல்லவா.

"இதுக்கு ஓனர் அம்மாள் எண்டல்லோ கிடக்கு. அப்ப நீர் வந்து கேக்கிறது சரியில்லை. ஓனரைக் கூட்டிக்கொண்டு வாரும்."

என் விரல்கள் நின்றுவிட்டன. அவர் கேலி செய்கிறார் என்று நினைக்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அவருக்குக் கேலி தெரியாது. அண்ணன் எழுந்து போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஓனர் வந்தாள்.

முதலில் உடுக்கைச் சத்தம் கேட்டது. பிறகு வாசலில் கூச்சல். டிரைவர் ஓடி வந்து, "அக்கா, சாமி வருது லா!" என்று என்னிடம் சொல்லிவிட்டு அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அண்ணன் உடுக்கை அடித்துக்கொண்டு வர, அவருக்கு முன்னால் அஞ்சலையக்கா. மஞ்சள் புடவை, அவிழ்த்த ஈரத் தலை, இடக்கையில் மஞ்சள் கரைத்த சொம்பு, வாயில் வேப்பிலை. பல வருஷம் எங்கள் வீட்டு வாசலில் நின்று ஊர்க்கதை பேசிய அக்காதான். அன்றைக்கு அவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. நானும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

"எவன்டா என்னைக் கூப்பிட்டது?"

பெரிய கிராணி எழுந்து நின்றார். மேசைக்கு அடியில் அவர் கால்கள் சப்பாத்தைக் கழற்றுவதை நான் பார்த்தேன்.

"தாயே."

"எங்கடா வைக்கணும் கைய?"

அவர் தாளை நகர்த்தி, விரலால் மேல் கட்டத்தைக் காட்டினார். இன்ஸ்பெக்டரின் கட்டம். அவள் சொம்புக்குள் கையை விட்டு எடுத்து ஓங்கி அடித்தாள். மைக்கூடு துள்ளியது. தாளின் மேல்பாதி முழுக்க மஞ்சளாக ஐந்து விரலும் விழுந்தது. அவள் கையை எடுத்த மறுகணமே பெரிய கிராணி பேனாவை எடுத்து, மஞ்சள் காய்வதற்குள் கீழே தன் கையெழுத்தைப் போட்டார். அவ்வளவு வேகமாக அவர் பேனா ஓடி நான் பார்த்ததில்லை.

தாளைத் தாங்கிக்கொண்டு நேராக டாக்டர் அறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். அதைப் பார்க்காமல் இருக்க முடியுமா? டாக்டர் மஞ்சள் கையைப் பார்த்தார். இது யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஓனர், சார்."

டாக்டர் ஒரு நிமிஷம் யோசித்தார். கப்பலைத்தான் நினைத்திருப்பார். கையெழுத்துப் போட்டார்.

அக்காவுக்கு மெய்யாகவே சாமி வந்ததா என்று எனக்கு அரிப்புத் தாங்கவில்லை. அடுத்த நாள் கொட்டகைக்கே போய்க் கேட்டுவிட்டேன். "கறந்த பாலை தெனமும் கால்வாயில ஊத்துனா எந்த ஆத்தாளுக்குத்தான் வராது?" என்றாள். அதற்கு மேல் கேட்கவில்லை. பெரிய கிராணி நம்பினார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அம்மன் வந்ததைவிட மேல் கட்டம் நிரம்பியதுதான் அவருக்குப் பேரானந்தம். அன்று மத்தியானம் தன் இடியப்பத்தில் எனக்குப் பங்கு கொடுத்தார்.

சோதனை முடிவு சீக்கிரமே வந்தது. அடைப்பான் இல்லை. உண்ணியால் வரும் காய்ச்சல். மனிதருக்கு ஒட்டாது, ஊசிக்குக் கட்டுப்படும். கோயில் மாட்டுக்கு ஊசி போட்டார்கள், எழுந்து நின்றுவிட்டது. அதன் பாலுக்குத் தடையும் நீங்கியது. அண்ணன் ஆபீசுக்கு ஓடி வந்தார்.

"அய்யா, எம் மாடு ரெண்டும் படுத்துருச்சுங்க. அதே நோய்தான். ஊசி போடச் சொல்லுங்கய்யா."

"அது அம்மாளின்ரை மாட்டுக்கு வந்த முடிவு. உம்மடை மாடுகள் வேறை."

"ஒரே கொட்டாயிலதான நிக்குது!"

"நிக்கலாம். ஓனர் வேறையல்லோ."

"அப்ப அஞ்சலைய மறுபடி வரச்சொல்லட்டுங்களா?"

பெரிய கிராணி கண்ணாடியைக் கழற்றினார். சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னார். "பிறத்தியாற்றை மாட்டுக்கு அம்மாள் எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது? அவவுக்கு அதிலை என்ன உரித்து?"

எனக்கு வந்த கோபத்தில் டைப்ரைட்டரின் மேல் இரண்டு கையாலும் அடித்துவிட்டேன். "ஐயா, மாடு சாவுது! நீங்க ஒரு தடவை மேல போட்டா என்ன ஆயிடும்?" என்று கத்தினேன். அவர் என்னை ஏதோ அசிங்கமாகப் பேசியவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

அண்ணன் அன்றைக்கே கோயிலுக்குப் போனார். தன் இரண்டு மாட்டையும் அம்மன் பேருக்கு எழுதிக்கொடுத்தார். பேருக்குத்தான், நோய் தீர்ந்ததும் திருப்பி எழுதிக்கொள்ளலாம் என்று கோயில் கமிட்டித் தலைவரே வாயால் சொன்னாராம். லைசென்ஸ் மாற்றுவது வேறொரு கிராணியின் வேலை. அவர் கையெழுத்துக்குப் பயந்தவரில்லை. அம்மன் பேருக்கு மாறிய மாடுகளைப் பார்த்ததும் பெரிய கிராணிக்கு முகம் மலர்ந்தது. அதே ஓனர், ஏற்கெனவே வைத்த கை இருக்கிறது. "இப்ப சரி," என்று மஞ்சள் கை இருந்த தாளைப் புதுத் தாளின் மேலே தைத்துவிட்டுக் கீழே போட்டார். இரத்தம் போனது, முடிவு வந்தது, ஊசி போட்டார்கள். மாடுகள் இரண்டும் பிழைத்தன. எங்கள் வீட்டு வாசலில் மறுபடி அண்ணனின் சைக்கிள் மணி கேட்டது. அன்றைக்கு முதல் காப்பியை என் அம்மா அண்ணனுக்கே போட்டுக் கொடுத்தார்.

அந்தச் சந்தோஷம் தீபாவளி வரைக்கும்கூடத் தாங்கவில்லை. கோயில் கமிட்டியிலிருந்து ஒரு மனு வந்தது. அம்மனுக்குச் சொந்தமான மாடுகள் மூன்றையும் கோயில் பின்புறம் புதிதாகப் போட்ட தொழுவத்துக்கு மாற்ற அனுமதி வேண்டும். தலைவர், செயலாளர், பொருளாளர், உறுப்பினர்கள் என்று எல்லாரும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தியிருந்தார்கள். பெரிய கிராணி அந்தத் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எத்தினை கையெழுத்து, பாரும் பிள்ளை! இப்பிடி ஒழுங்கா வந்தால் நான் எங்கை சுணக்கிறன்?"

"ஐயா, அதுல ரெண்டு கோவிந்தண்ணன் மாடு. உங்களுக்கே தெரியும்."

"எனக்குத் தெரியும்."

"அப்போ அதை ஓரத்துல எழுதுங்க. பேருக்கு மாத்தினதுன்னு ஒரு வரி எழுதுங்க, போதும்."

"தெரிஞ்சதை நான் எழுதினால், அது முதல் கையெழுத்தாப் போயிடுமே பிள்ளை."

சொல்லிவிட்டு, அத்தனை கையெழுத்துக்கும் அடியில் கடைசியாகத் தன்னுடையதைப் போட்டார். எனக்கு அவர் மேல் இருந்த சிரிப்பு அன்றைக்கு வற்றிப்போனது. அதற்கு முன் நான் சொன்ன கதைகளையெல்லாம் பிறகும் சொல்லிச் சிரிக்கிறேன்தான். இதை மட்டும் சொல்லும்போது பல்லைக் கடிக்கத்தான் வருகிறது.

மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். கறக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று அண்ணனையே சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார்கள். தலைவரிடம் போய்க் கேட்டதற்கு, கொடுத்ததைத் திருப்பிக் கேட்டால் அம்மன் கோபித்துக்கொள்வாள் என்றாராம்.

சில நாள் கழித்து அஞ்சலையக்கா ஆபீசுக்கு வந்தாள். முடிந்த கொண்டை, சாயம் போன நூல் சேலை. உடுக்கை இல்லை, வேப்பிலை இல்லை. நேராகப் பெரிய கிராணியின் மேசை முன்னால் போய் நின்று, வலக்கையை விரித்து நீட்டினாள்.

"ஐயா, அன்னிக்கி வெச்சது இந்தக் கைதான். அந்தத் தாளு ஒங்ககிட்டதான இருக்கு? எடுத்து வெச்சு அளந்து பாருங்க. கை என்னுது. மாடு மட்டும் எப்பிடிங்க அவளோடதாச்சு?"

அவர் அந்தக் கையைப் பார்த்தார். உண்மையான கவலையோடு கேட்டார்.

"அப்ப அண்டைக்கு வந்தது அம்மாள் இல்லையோ? நீர் தான் வைச்சனீர் எண்டால், மேலை கையெழுத்தே இல்லையெண்டல்லோ ஆகுது. அதுக்குக் கீழை நான் போட்டிருக்கிறன். எல்லாமே பிழையாப் போயிடுமே."

ஆபீசே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆத்தா வந்தாள் என்றால் மாடு ஆத்தாளுடையது. நான்தான் வந்தேன் என்றால் பொய்க் கையெழுத்து. கோர்ட்டு, போலீஸ், அண்ணனுடைய சம்பளமும் போய்விடும். அக்கா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"ஆத்தாதான் வந்தா, ஐயா. நான் வந்திருந்தா அந்தக் கை தாள்ல விழுந்திருக்காது. ஒங்க கன்னத்துலதான் விழுந்திருக்கும்."